வாங்கி, ஆக்கி, பரிமாற: மனச்சிதைவில் கவனம் எப்படி இயங்குகிறது?

காலை ஏழு மணி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு அடுப்படி. ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் குக்கர். மிக்ஸியில் சட்னி ஓடுகிறது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எதிர்வீட்டுப் பெரியவர். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "வாங்க வாங்க, உக்காருங்க" என்று குரல் கொடுக்கிறாள். அதே மூச்சில் பொங்கி வந்த பாலை இறக்குகிறாள். குக்கர் இப்போது விட்டது இரண்டாவது விசில் என்பதும் அவள் கணக்கில் இருக்கிறது. பெரியவரின் குரலில் சோர்வு தெரிந்ததும், "ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறாள். இத்தனையும் பத்து விநாடிக்குள்.

கூடத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் அவரைப் பார்த்து, "என்னப்பா, சாப்டியா?" என்கிறார். மாமா மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கிறார். பெரியவர் சற்றுப் பொறுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பி, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பேச்சு அணையிலிருந்து கல்லணை வரை வந்த பிறகு மாமா சொல்கிறார்: "சாப்பிட்டேன்."

யாருக்குச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. கூச்சமாக இருந்தது. வந்தவருக்கு முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவர் என்று மனதுக்குள் மாமாவைத் திட்டினேன். அன்று நடந்தது என்னவென்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் பதில் சொன்னார். சரியான பதிலைத்தான் சொன்னார். அது வந்து சேர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாமாவுக்கு மனச்சிதைவு நோய். உலகில் ஏறத்தாழ 2.4 கோடிப் பேருக்கு, அதாவது சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் இந்த நோயின் அடையாளமாக அறிந்திருக்கிறார்கள். அவை பயமுறுத்துவதால் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். சத்தமே இல்லாமல் கூடவே வரும் இன்னொரு தொல்லை கவனக் குறைவு. 'மனுஷாளோடு ஒட்டவே மாட்டேங்கிறான்' என்று வீட்டில் புலம்புகிறோமே, அதன் வேர் பெரும்பாலும் இந்தக் கவனக் குறைவிலும் ஓடியிருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் நூறு வருடத்துக்கு முன்பே தன் நோயாளிகளின் கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று எழுதிவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் 1908-இல் இந்த நோய்க்கு இப்போதுள்ள ஸ்கீசோஃப்ரீனியா என்ற பெயரை வைத்தார். அந்தப் பெயருக்கு 'பிளவுண்ட மனம்' என்று பொருள். தமிழில் நாம் அதைச் 'சிதைவு' ஆக்கியிருக்கிறோம். எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. சிதைந்தது திரும்பச் சேராது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. தென்கொரியாவில் 2011-இல் பழைய பெயரை விட்டுவிட்டு, தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லால் இந்த நோயை அழைக்க முடிவு செய்தார்கள். சுருதி விலகினால் திரும்பச் சேர்க்கலாம். என் மாமாவுக்கு அந்தப் பெயர்தான் பொருந்தும்.

மூன்று வேலை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராபர்ட் லிபர்மன் என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும், மனிதரோடு பழகும் திறனை மூன்று வேலையாகப் பிரித்தார்கள். எதிராளி தருவதை வாங்கிக்கொள்வது முதல் வேலை. வாங்கியதை மனதுக்குள் பக்குவப்படுத்தி, என்ன சொல்லலாம் என்று முடிவெடுப்பது இரண்டாவது. முடிவைச் சொல்லாகவும் குரலாகவும் முகமாகவும் வெளியே அனுப்புவது மூன்றாவது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுப்படிதான் கண்ணில் நின்றது. சாமான் வாங்குவது, ஆக்குவது, பரிமாறுவது.

வந்த விருந்தாளிக்குத் தெரிவது இலை மட்டும். குழம்பில் உப்பில்லை என்றால் சமைத்தவருக்குக் கை சரியில்லை என்று சொல்லிவிடுவார். கடையிலிருந்து வந்த பையில் உப்பே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மாமாவின் பேச்சை எடைபோட்ட எல்லோரும் இலையைப் பார்த்தே எடைபோட்டோம்.

அதனால் முதலில் பையைப் பார்ப்போம். வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததை வாசலிலேயே நிறுத்துகிற வேலை அங்கே நடக்கிறது. இங்கிலாந்தின் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட் 1958-இல் எழுதிய நூலில் கவனத்தை ஒரு வடிகட்டியாக விளக்கினார். கும்பகோணத்துக்காரிக்கு வடிகட்டி என்றதும் பித்தளை காபி ஃபில்டர்தான் மனதில் வரும். மேல் பாத்திரத்தின் அடியில் ஊசி முனை அளவுத் துளைகள். டிகாஷன் இறங்கும், பொடி மேலேயே தங்கும். துளை பெரிதாகிவிட்டால் பொடியும் சேர்ந்து இறங்கி, டம்ளர் முழுக்கக் கசடாகிவிடும். காபித் தூள் நல்லதுதான், பாலும் நல்லதுதான், ஆனாலும் குடிக்க முடியாது.

1961-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் என்ற இருவர் ஒரு எளிய காரியம் செய்தார்கள். நோய் தொடங்கிய புதிதில் இருந்தவர்களிடம், உங்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். பலரும் சொன்னது ஒன்றுதான். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வருகிறது, எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியவில்லை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேசினால் ஒன்றுமே புரிவதில்லை என்றார்கள். கவனமே இல்லாதவர்கள் என்று உலகம் நினைத்த மனிதர்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்து ஓய்ந்துபோயிருந்தார்கள்.

இந்த வடிகட்டியின் ஒரு பகுதியை மூளையின் மின்னலையிலேயே பார்க்க முடிகிறது. அமெரிக்காவின் டென்வரில் ராபர்ட் ஃப்ரீட்மனும் அவர் குழுவும் இதை நெடுநாள் ஆராய்ந்தார்கள். காதில் ஒரு 'டிக்' சத்தம், அரை விநாடி கழித்து அதே சத்தம் மறுபடியும். பெரும்பாலோருக்கு முதல் சத்தத்துக்கு மூளை நிமிர்ந்து பார்க்கும், இரண்டாவதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. தாளிக்கும்போது முதல் கடுகு வெடித்தால் திரும்புகிறோம், அடுத்தடுத்து வெடிப்பதை விட்டுவிடுகிறோம். மனச்சிதைவு உள்ள பலருக்கு இந்த விட்டுவிடுதல் குறைவாக இருக்கிறது. இரண்டாவது கடுகும் முதல் கடுகைப் போலவே கேட்கிறது. இது எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பழைய விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'கிரீச்' என்று கத்தும். எங்களுக்கு அது என்றோ காதில் விழுவது நின்றுபோயிருந்தது. அவருக்கு நின்றிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

விசில் எண்ணுவது வேறு விதமான கவனம். துவரம்பருப்புக்கு நான்கு விசில் என்றால் முதல் விசிலிலிருந்து நான்காவது வரை, நடுவில் என்ன வந்தாலும், மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீடித்த கவனம் என்று இதைச் சொல்வார்கள். இதை அளக்க 1956-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும். குறிப்பிட்ட ஒரு எழுத்து வரும்போது மட்டும், அல்லது ஒரு எழுத்துக்குப் பின் இன்னொன்று வரும்போது மட்டும், பொத்தானை அழுத்த வேண்டும். சில நிமிடம் இதுவே தொடரும். மனச்சிதைவு உள்ளவர்கள் இதில் அதிகம் தவறவிடுகிறார்கள். குரல்கள் அடங்கி நோய் தணிந்திருக்கும் காலத்திலும் இந்தத் தவறல் முழுதாகப் போவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்காவின் கீத் நுக்டர்லைன் உள்ளிட்டோர் கவனித்த இன்னொன்றும் உண்டு. நோய் வராத, ஆனால் நோயுள்ள பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் சிலரிடமும் லேசான அளவில் இது தென்படுகிறது. அப்படியென்றால் இது மாத்திரையால் வந்த மந்தம் மட்டும் இல்லை, குரல்கள் கேட்பதால் வந்த தடுமாற்றம் மட்டும் இல்லை. அடுப்பின் அமைப்பிலேயே இருக்கிற ஒன்று.

தாளிப்பின் விநாடி

இனி ஆக்குவது. இங்கே மேடையின் அளவு முக்கியம். சின்ன மேடையில் அரிவாள்மணையை வைத்தால் தட்டுக்கு இடமில்லை. தட்டை வைத்தால் அஞ்சறைப் பெட்டியைத் தரையில் இறக்க வேண்டும். பேச்சுக்கும் மனதில் இப்படி ஒரு மேடை வேண்டும். அவர் சொன்ன வாக்கியம், அதற்கு முன் சொன்னது, அவர் முகம், நான் சொல்லப் போவது எல்லாம் சில விநாடி ஒன்றாக அதில் நிற்க வேண்டும். வாசலில் கசடும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டால் மேடை அதிலேயே நிரம்பிவிடும். கேள்வியை வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கும்.

பேச்சு என்பது நேரம் தப்பினால் கெட்டுப்போகிற பண்டம். பருப்பு அரை மணி நேரம் பொறுக்கும். தாளிப்பு பொறுக்காது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, கறிவேப்பிலை விழ வேண்டிய நேரம் சில விநாடிகள்தான். அதைத் தவறவிட்டால் கருகிவிடும். "சாப்டியா?" என்ற கேள்விக்கும் அப்படித்தான். பதில் இரண்டு விநாடியில் வந்தால் அன்பு. பத்து விநாடியில் வந்தால் 'என்னமோ மாதிரி'. அரை நிமிடத்தில் வந்தால் பைத்தியம் என்று சொல்லிவிடுகிறார்கள். சொல் அதே சொல்தான்.

அதோடு, வாங்க வேண்டியது சொல்லை மட்டும் அல்லவே. ஒருவர் முகத்தைப் பார்க்கும்போது நம் கண் எங்கெல்லாம் ஓடுகிறது என்று கருவியால் பதிவு செய்ய முடியும். பொதுவாகப் பார்வை கண், மூக்கு, வாய் என்று சுற்றிச் சுற்றி வரும். மனச்சிதைவு உள்ள பலரின் பார்வை குறைவான இடங்களில் நின்றுவிடுகிறது. கண்ணிலும் வாயிலும் விழுவது குறைகிறது. புன்னகை எங்கே தெரியுமோ அந்த இடத்துக்குப் பார்வை போவதற்குள் புன்னகை போய்விடுகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதிலும் பலருக்குச் சிரமம் இருக்கிறது. தமிழில் இது சின்ன இழப்பு இல்லை. "ரொம்ப நல்லாயிருக்கு" என்பதை மனதாரப் பாராட்டியும் சொல்லலாம், இழுத்து நக்கலாகவும் சொல்லலாம். "வந்துட்டாரு" என்பது வரவேற்பா சலிப்பா என்பதைக் குரல்தான் சொல்கிறது. அந்த நூலிழை கையில் வராவிட்டால், பாராட்டுக்கு முகம் சுளிப்பார், நக்கலுக்கு நன்றி சொல்வார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் மனிதர் என்ன செய்வார்? எங்கள் மாமா செய்ததைத்தான் செய்வார். பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே ஒரே சத்தம்தான், தன்னுடைய சத்தம். அதை நாங்கள் 'ஒதுங்கிவிட்டான்' என்றோம். அவர் காதுக்கு ஓய்வு தேடிப் போயிருந்தார்.

இதில் வயதும் ஒரு கொடுமை செய்கிறது. இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. பெரியவர்களோடு எப்படிப் பேசுவது, வேலை கேட்டுப் போனால் எப்படி உட்காருவது, பிடித்தவரிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் கற்கும் வயது அது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கிறோம், அம்மாவின் கையைப் பார்த்து உப்பின் அளவைக் கற்ற மாதிரி. பார்க்க முடியாதவருக்கு இந்தக் கைப்பக்குவம் எங்கிருந்து வரும்?

இந்தத் தொடர்பை ஊகமாக விட்டுவிடாமல் தேடிப் பார்த்தவர் மைக்கேல் கிரீன். அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அடுக்கிவைத்து அவர் 1996-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே திருப்பியது. நீடித்த கவனம் நன்றாக இருப்பவர்கள், மனிதர்களோடு வரும் சிக்கல்களைத் தீர்ப்பதிலும் புதிய பழகும் திறன்களைக் கற்றுக்கொள்வதிலும் முன்னே இருந்தார்கள். குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகளின் கடுமைக்கும் இவற்றுக்கும் அப்படிப்பட்ட தெளிவான தொடர்பு தெரியவில்லை. நோயாளியின் வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்த முடிவு நெஞ்சில் தைக்கும். குரல்கள் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் கோயில் கோயிலாகப் போனோம். குரல்கள் நின்றன. அதன் பிறகும் பெரியவரின் கேள்விக்குப் பதில் தாமதமாகவே வந்தது. 'இப்பதான் நல்லாயிட்டியே, ஒழுங்கா பேசினா என்ன?' என்று கேட்க ஆரம்பித்தோம். அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

மாத்திரைகளைக் குறைத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த நாளிலிருந்து, இந்த வகை மருந்துகள் எத்தனையோ பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். ஆனால் கவனத்தை அவை பெரிதாகத் தூக்கி நிறுத்துவதில்லை. இன்னொன்றும் உண்டு. கை நடுக்கத்துக்காகக் கூடவே தரும் டிரைஹெக்சிஃபெனிடில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு நினைவையும் கவனத்தையும் இன்னும் மங்கச் செய்யும். அது இப்போதும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

எல்லாப் பழியையும் கவனத்தின் தலையில் போடுவதும் தவறு. எதிலும் மனம் செல்லாத சோர்வு இந்த நோயின் ஒரு பகுதி. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் திறனும் தனியாக அடிபடுகிறது. ஊராரின் பேச்சு, வேலையின்மை, உடைந்துபோன திருமணப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதரை ஊமையாக்குகின்றன. கவனம் இவற்றில் ஒரு அடுப்பு. ஆனால் மற்ற பாத்திரங்கள் சூடாவதற்கே அந்த அடுப்பு வேண்டியிருக்கிறது.

ஒரு டம்ளர் காபி

அம்மாவுக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது. மாமாவுக்குக் காபி போடக் கற்றுக்கொடுக்க அவள் முடிவுசெய்தபோது முதலில் ரேடியோவை அணைத்தாள். மிக்ஸி வேலையை முடித்துக்கொண்டாள். எங்களை வெளியே போகச் சொன்னாள். "தம்பி, இங்க பாரு" என்பாள். அவர் பார்க்கும் வரை அடுத்த சொல் வராது. "பொடி ரெண்டு ஸ்பூன்." அவர் போடும் வரை காத்திருப்பாள். "சரியா இருக்குடா." பிறகுதான் வெந்நீர். முதல் வாரம் பொடி போடுவதோடு முடிந்தது. வெந்நீர் ஊற்றுவது அடுத்த வாரம் வந்தது. பாலோடு கலந்து ஆற்றி, டவரா டம்ளரில் கொண்டுவந்து வைக்க இரண்டு மாதம் ஆனது.

லிபர்மனின் குழு, பேச்சைத் தொடரவே முடியாமல் இருந்தவர்களுக்குச் செய்த பயிற்சியைப் பின்னாளில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பயிற்சி தருபவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார், காத்திருப்பார், பதில் வந்தால் அந்த நொடியே பாராட்டுவார், வராவிட்டால் சின்னதாக எடுத்துக் கொடுப்பார், பிறகு அதையே மறுபடி. கவனத்தை முதலில் பிடித்து நிறுத்திவிட்டுப் பேசக் கற்றுக்கொடுக்கும் முறை இது. அமெரிக்காவில் ஸ்டீவன் சில்வர்ஸ்டைன் போன்றவர்கள் இதை இன்னும் நீட்டினார்கள். ஒருவரால் சில நிமிடம்தான் கவனிக்க முடியும் என்றால் அந்தச் சில நிமிடத்திலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு முறையும் பரிசு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. பயிற்சி வகுப்பில் தூங்கிவழிகிறவர் என்று கைவிடப்பட்டவர்களும் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கணினியிலும் தாளிலும் கவனம், நினைவு ஆகியவற்றுக்குத் தரும் பயிற்சிகளைப் பற்றி 40 ஆய்வுகளைத் திரட்டி லண்டனின் டில் வைக்ஸ் 2011-இல் ஒரு முடிவு சொன்னார். பயிற்சி பலன் தருகிறது, நடுத்தர அளவில். ஆனால் அன்றாட வாழ்க்கையில் அது தெரிய வேண்டுமானால், வேலைப் பயிற்சி, பழகும் பயிற்சி போன்ற மறுவாழ்வு வேலைகளோடு சேர்த்துச் செய்ய வேண்டும். கத்தியைத் தீட்டி வைத்தால் மட்டும் காய் நறுங்கிவிடாது, நறுக்கவும் உட்கார வேண்டும். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு மருந்தோடு மறுவாழ்வையும் சேர்த்தே பேசிவந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் எங்கள் மாவட்டத்திலும் நடந்து போகும் தூரத்தில் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நம் வீடுகளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், ஐந்தாவதாகத் தொலைக்காட்சி பேசும். அதை அணைத்துவிட்டுப் பேசலாம். 'குளிச்சியா, சாப்டியா, மாத்திரை போட்டியா' என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்பது நம் தாய்மார்களின் அன்பு. அதைப் பிரித்துக் கேட்டால் மூன்றுக்கும் பதில் கிடைக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பிய பிறகு பேசலாம். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை இன்னொரு சொல் சொல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் ஏழுக்குள் வந்துவிடும்.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கைத்தடியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மாமா உள்ளிருந்து காபியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். நான் எழுந்து விசிறியை நிறுத்தினேன். பெரியவர் மாமாவின் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, சாப்டியா?" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி, பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.

எண்ணினேன். ஆறு.

"சாப்பிட்டேன்" என்றார் மாமா. பிறகு பெரியவரைப் பார்த்து, "நீங்க?"